ஷூ இல்லாமல் அம்பேத்கர் வேடம் கிடையாது

மகன் பள்ளியில் மாறுவேடப் போட்டி. அம்பேத்கர் வேடம் போடுவேன் என்றான். கோட்டு தைத்தாச்சு. கண்ணாடி, டை, கையில் சட்டப் புத்தகம் எல்லாம் தயார். ஷூ வாங்கப் போகும்போது டீச்சர் சொல்லி அனுப்புகிறார்: 'மேடையில் குத்துவிளக்கு ஏத்துறோம். ஷூ வேண்டாம், வெறுங்காலோடு வரட்டும்.'

அதே மேடையில் ராஜராஜ சோழனுக்கு ஜரிகை ஜோடு உண்டு. கட்டபொம்மனுக்கும் உண்டு. அவர்களைப் பார்த்துக் குத்துவிளக்கு அணையாதாம்!

'சின்ன விஷயம், விடுங்க சார்' என்றார் வங்கியில் பக்கத்து சீட்டு நண்பர். சின்ன விஷயமா?

1930 நவம்பர். லண்டனில் முதல் வட்டமேசை மாநாடு. கோட்டும் ஷூவுமாக அம்பேத்கர் சமஸ்தான மன்னர்களுக்கு நடுவே உட்கார்ந்து தீண்டப்படாதவர்களுக்கு அரசியல் உரிமை கேட்கிறார். அடுத்த மாதமே, 1930 டிசம்பரில், இராமநாதபுரத்தில் ஆதிக்கச் சாதியார் நம் மக்கள்மீது எட்டுத் தடைகள் போடுகிறார்கள். வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது. சட்டை கூடாது. பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது. குடை கூடாது, செருப்பு கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ஹட்டன் இதை எழுதிவைத்திருக்கிறார்.

இங்கே செருப்பு மறுக்கப்பட்ட அதே பனிக்காலத்தில் அங்கே ஒரு ஷூ நடந்தது. அதைத் துரைமோகம் என்பவன் வரலாறு தெரியாதவன். அது பதில். அதைக் கழற்றிவிட்டால் மேடையில் நிற்பது அம்பேத்கர் அல்ல, இராமநாதபுரத்துக்காரர்கள் கேட்ட ஆள்.

இன்னொன்று. ராஜாவின் ஜோட்டுக்குத் தோல் உரித்தவன் யார்? பதப்படுத்தித் தைத்தவன் யார்? செய்தவன் போடக் கூடாது, போட்டவன் செய்யமாட்டான். மாறுவேடப் போட்டியில் செய்தவனுக்கு வேடமே இல்லை.

என் தாத்தா ஊர்த்தெரு வந்ததும் செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார். 'அதெல்லாம் அந்தக் காலம்' என்பார்கள். அப்படியானால் 2015இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைத் திருத்தி, பொது இடத்தில் நாம் செருப்புப் போடுவதைத் தடுப்பது குற்றம் என்று ஏன் எழுத வேண்டிவந்தது?

நாடகம் போடும் மாணவத் தோழர்களே, கிரீடத்தை அப்புறம் பாருங்கள். வேடத்தைக் காலிலிருந்து தொடங்குங்கள். யாருக்கு ஜோடு, யாருக்கு வெறுங்கால், முடிவு செய்தவன் யார் என்று கேளுங்கள்.

கறுப்புத் தோல் ஷூ வாங்கினேன். பையன் அதோடுதான் மேடை ஏறினான். பரிசு தரவில்லை. பலகைமேல் டக் டக்கென்று சத்தம் மட்டும் கடைசி வரிசைவரை கேட்டது. தாத்தாவுக்கும் கேட்டிருக்கும்.