பாற்பல்லின் வேரில் இடும் மருந்து

விழுந்து முளைக்கும் பல்தானே என்று பாற்பற்களைப் புறக்கணிக்கும் வழக்கம் நம்மிடையே பரவலாக உள்ளது. குழந்தையின் 20 பாற்பற்களும் உணவை மெல்லவும் தெளிவாகப் பேசவும் துணைபுரிவன; பின்னர் முளைக்கும் நிலைப்பற்களுக்கு உரிய இடத்தைக் காத்து நிற்பன. ஆகவே, சொத்தை பற்கூழ்வரை சென்ற பின்னரும், இயன்றவரை பல்லைப் பிடுங்காது காப்பதே முறையாகும். அவ்வாறு காக்கும்போது எம்மருந்தை இடுவது என்பதே இன்று ஆராயத்தக்கது.

1904-இல் அமெரிக்கப் பல்மருத்துவர் பக்லி பார்மோகிரிசால் என்னும் மருந்தை அறிமுகப்படுத்தினார். பார்மால்டிஹைடும் கிரிசாலும் கலந்த இது, 1930 முதற்கொண்டு பாற்பற்களிலும் பயன்பட்டது. நோயுற்ற மேற்கூழை நீக்கியபின் வேரில் எஞ்சும் கூழைப் பதப்படுத்துவதே இதன் பணி. 2004-இல் லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம், பார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள் என வகுத்தது.

இடப்படும் அளவு மிகச் சிறிது. அதனால் குழந்தைக்குத் தீங்கு நேர்ந்ததாக நிறுவப்படவில்லை என்று சிலர் வாதிப்பர். அவ்வாதம் முற்றிலும் பொய்யன்று. ஆயினும், நிறுவனத்தின் முடிவுக்கு ஆதாரமாக நின்றவற்றுள் முதன்மையானவை, தொழிலகங்களில் அவ்வாவியை நெடுங்காலம் சுவாசித்தோர் பற்றிய ஆய்வுகளே. குழந்தை ஓரிரு முறை காணும் மருந்தை மருத்துவரும் உதவியாளரும் நாள்தோறும் கையாளுகின்றனர். ஈடான மாற்று கிடைக்கையில் சிறு ஐயத்தையும் ஏன் சுமக்க வேண்டும்?

மாற்றுகள் உள்ளன. 1990-களில் கலிபோர்னியாவில் உருவான எம்.டி.ஏ. என்னும் தாதுச் சாந்து நற்பயன் தருகிறது; ஆனால் விலை மிகுதி. பெர்ரிக் சல்பேட்டுக் கரைசல் குருதிக் கசிவை நிறுத்துவது, விலை குறைந்தது. கூழ் முழுதும் அழிந்திருப்பின் வேர்க்குழலைத் தூய்மை செய்து, வேரோடு தானும் கரையும் பசையால் நிரப்புதல் வேண்டும். துத்தநாக ஆக்ஸைடு-யூஜினால் பசை வேரைவிட மெதுவாகக் கரையும். கால்ஷியம் ஹைட்ராக்ஸைடும் அயோடபாரமும் சேர்ந்த பசை விரைவில் கரையும். மினோசைக்ளின் கலந்த மருந்துகளில் விழிப்பு தேவை. அவ்வினத்தைச் சேர்ந்த மருந்துகள் வளரும் பற்களில் கறை படியச் செய்யும்.

இந்தியாவின் முதல் பல்மருத்துவக் கல்லூரி, 1920-இல் டாக்டர் ரபியுத்தீன் அகமது அவர்களால் கொல்கத்தாவில் நிறுவப்பட்டது. 1949-இல் அதனை அவர் மேற்கு வங்க அரசினிடம் ஒப்படைத்தார். இன்று அது அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. கல்லூரியில் பயின்ற பழக்கமே மாவட்ட மருத்துவமனையிலும் தொடரும். ஆதலின், மாற்றம் கொல்கத்தா போன்ற போதனாநிலையங்களிலிருந்தே பரவ வேண்டும். அரசு மருத்துவமனைகளின் மருந்துப் பட்டியலில் மாற்றுகளுக்கு இடமளித்தாலன்றி, போதனை ஏட்டளவிலேயே நின்றுவிடும்.

ஆசிரியரும் களப்பணியாளரும் ஆற்ற வேண்டிய கடமையும் உண்டு. பல்லில் குழி, இரவில் வலி, ஈறில் கொப்புளம் ஆகியவற்றைக் கண்டவுடன் குழந்தையை மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும். எம்மருந்து இடப்படுகிறது எனக் கேட்டறியப் பெற்றோரை ஊக்குவித்தலும் நன்று. காலத்தே வரும் குழந்தைக்கு வேர்வரை மருந்து செல்லும் தேவையே நேராதிருக்கலாம். அனைத்தினும் பாதுகாப்பானது அதுவே.