பம்பாஸ் புல்

புல் என்றால் காலடியில் கிடப்பது என்றுதானே எண்ணியிருக்கிறோம்? தென் அமெரிக்காவிலே, அர்ஜென்டினா தேசத்துப் பம்பாஸ் சமவெளியின் பெயரைத் தாங்கிய இப்புல்லையோ அண்ணாந்து பார்க்கவேண்டும். 10 அடி உயரம் வரை வளர்வது அது.

இலையைத் தடவிப் பார்க்க ஆசைப்படவேண்டாம். விளிம்பெல்லாம் நுண்ணிய ரம்பப் பற்கள், விரலை அறுத்துவிடும். ஸ்பானிஷ் பாஷையில் இதற்கு வழங்கும் 'கோர்ட்டதேரா' என்ற பெயரே வெட்டுதல் என்னும் சொல்லடியாகப் பிறந்ததுதான்.

அழகெல்லாம் வெண்சாமரம் போன்ற பூங்கதிரில் இருக்கிறது. அதிலும் ஒரு விசேஷம். சில செடிகளில் பெண் பூக்களே உண்டு; அவற்றின் கதிர்தான் பட்டுப்போல் அடர்ந்திருக்கும். இருபால் பூக்களுள்ள செடியின் கதிர் சற்று மெலிந்தது. ஆகையால் தோட்டக்காரர்கள் பெண் செடியின் தூரைப் பிரித்து நட்டே பெருக்குகிறார்கள்.

நல்ல வெயிலும் நீர் தேங்காத மண்ணும் போதும். வேரூன்றிவிட்டால் வறட்சியையும் பொறுக்கும். இந்தக் குணமே வினையாயிற்று. இருவகைச் செடிகளும் அருகருகே நின்றால், ஆயிரக்கணக்கான விதைகள் காற்றிலேறி வெகு தூரம் செல்கின்றன. கலிபோர்னியாவின் கடற்கரைப் பாறைகளிலும் மணல் மேடுகளிலும் உள்நாட்டுச் செடிகளை நெருக்கித் தள்ளிவிட்டது. நியூஜிலாந்தில் இதை விற்பதற்கே தடை. அலங்காரத்துக்கென்று ஆசையோடு வைத்த புல்லை அங்கே இன்று அடித்தூரோடு தோண்டி எறிகிறார்கள்.