ஜப்பான் கார்ட்டூனும் எங்கட குசினியும்



ஜப்பான் கார்ட்டூன் என்றால் அடிபிடியும் கத்தலும்தான் என்று வகுப்பில் எத்தனை தரம் ஏசியிருப்பேன்! போன கிழமை ஓ.எல். மாணவன் ஒருவன், "சேர், இதை மட்டும் பாருங்கோ" என்று பென்ட்ரைவ் ஒன்றைத் தந்தான். படம் 'இன் திஸ் கோர்னர் ஒஃப் த வேர்ல்ட்'. 2016இல் சுனாவோ கட்டபுச்சி எடுத்தது. நான் கேள்விப்பட்டதே இல்லை. பத்து நிமிடத்தில் நிறுத்தலாம் என்று இருந்தவன், இரண்டு மணித்தியாலமாக எழும்பவில்லை.

ஹிரோஷிமாப் பெண் சுசு, கடற்படைத் துறைமுகமான குரேக்கு மருமகளாகப் போகிறாள். யுத்தக் காலம்தான், ஆனால் படம் பெரும்பாலும் குசினியில் நடக்கிறது. பங்கீட்டு அரிசி குறைய, தெருவோரக் கீரை பிடுங்கிச் சமைக்கிறாள். பிறகு, தாமதித்து வெடித்த ஒரு குண்டு அவள் படம் கீறும் வலது கையையும், அந்தக் கையில் பிடித்திருந்த சின்னப் பிள்ளையையும் கொண்டுபோகிறது.

இதை நாயாற்றில் யாருக்கு விளக்க வேண்டும்?

1990இல் வெளியேற்றப்பட்ட கதையை முஸ்லிம்கள் நாங்கள் சொல்கிறோம். 2009இன் கதையைத் தமிழ் உறவுகள் சொல்கிறார்கள். ஒருவர் கதையை மற்றவர் இருந்து கேட்பது குறைவு. சுசுவின் கதையை இரு பகுதியும் ஒன்றாக இருந்து பார்க்கலாம். அதற்குப் பிறகு பேச்சு தானாக வரும்.

பெற்றாரிடம் முதலில் கேட்டுவிட்டு, பெரிய வகுப்புகளுக்கு இதைப் போட்டுக் காட்டுவோம். முடிந்ததும் பிள்ளைகளைப் பேச விடுவோம்.

அந்த மாணவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை சேர், இன்னும் இருக்கு" என்றான்.