தூணுக்குள் இருப்பதை யார் பார்ப்பது?

2023 பெப்ரவரி 10ஆம் திகதி நண்பகல் வேளையில் புத்தல, வெல்லவாய பகுதிகளில் நிலம் அதிர்ந்தது. ரிச்டர் அளவில் 3 மட்டில்தான். அதற்கு நான்கு நாட்களுக்கு முன்னர் துருக்கியில் கட்டடங்கள் சரிந்து பல்லாயிரம் பேர் மாண்டிருந்ததால், இங்கு பயம் பெரிதாக இருந்தது. பிறகு அதுவும் அடங்கிவிட்டது. 2020இல் திகன பக்கம் நிலம் அதிர்ந்தபோதும் இப்படித்தான்.

ஸ்பிரிங்வெளியில் இருந்துகொண்டு நான் யோசிப்பது வீடுகளைப் பற்றி மட்டுமல்ல, பாலங்களைப் பற்றியும்தான். மலையகத்தில் ஒரு பாலம் போனால் ஒரு தோட்டமே தனித்துப்போகும். 2025 நவம்பரில் டித்வா புயல் அதைக் காட்டிவிட்டுப் போனது.

ஜப்பானுக்கு இந்தப் பாடம் 1995 ஜனவரி 17இல் கிடைத்தது. கோபே நகரில் தூண்கள் மேல் சென்ற அதிவேக வீதி 635 மீற்றர் நீளத்துக்கு அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தது. தூண்கள் மெல்லியவை அல்ல. குறை உள்ளே இருந்தது. நெடுங்கம்பிகளில் ஒரு பகுதியைத் தூணின் இடையிலேயே நிறுத்தியிருந்தார்கள். அவற்றைச் சுற்றிக் கட்டும் வளையக் கம்பிகளும், அதாவது நம் மேசன்மார் சொல்லும் 'ஸ்டிரப்'பும், போதவில்லை. பீப்பாய்க்கு இரும்புப் பட்டை எப்படியோ, கொங்கிரீட் தூணுக்கு வளையம் அப்படி. பட்டை விட்டால் கம்பி வெளியே வளையும், கொங்கிரீட் நொறுங்கும்.

பின்னர் மிக்கி நகரில் 20க்கு 15 மீற்றர் அளவில் ஓர் அதிர்வு மேடையை அமைத்து, பழைய முறைப்படி முழு அளவில் தூண்களைக் கட்டி, கோபேயில் பதிவான அதே அதிர்வைக் கொடுத்து உடைத்துப் பார்த்தார்கள்.

நமக்கு அந்த மேடை வேண்டாம். கொங்கிரீட்டை உடைக்காமலே உள்ளே கம்பி எங்கே, எவ்வளவு இடைவெளியில் இருக்கிறது என்று காட்டும் கையடக்கக் கருவி இருக்கிறது. லொறி போகும்போது பாலம் அதிரும் வேகத்தை அளந்து வைத்தால், சில ஆண்டுகளில் அது குறைந்திருக்கிறதா என்று பார்க்கலாம். குறைந்திருந்தால் எங்கோ பலம் போயிருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

ஆனால் யார் அளப்பது? பிரதான வீதிகளுக்கு வீதி அபிவிருத்தி அதிகார சபை இருக்கிறது. தோட்டப் பாதையில் உள்ள பாலத்துக்குக் கம்பனி பிரதேச சபையைக் காட்டும், சபை கம்பனியைக் காட்டும். தோட்டங்களுக்கும் பிரதேச சபை செலவழிக்கலாம் என்று 2018இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. இங்கே சில சிறு பாலங்களின் அடியில் கொங்கிரீட் உதிர்ந்து கம்பி துருவேறி நிற்கிறது. அதைப் பார்க்கக் கருவிகூடத் தேவையில்லை.

புயலில் போன பாலங்களைத் திரும்பக் கட்டும் காலம் இது. வளையங்களை நெருக்கிப் போட்டு, அவற்றின் நுனியைத் தூணின் உட்புறமாக மடிக்க ஆகும் மேலதிகச் செலவு சிறியது. கொங்கிரீட் ஊற்றிய பிறகு அதை யாராலும் சேர்க்க முடியாது. ஊற்றுவதற்கு முதல்நாள் கம்பிக்கட்டைப் படம் எடுத்துப் பிரதேச சபையில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கச் சொல்லுங்கள்.