தோணாவின் நீரை அளப்பது யார்?

மழைக்காலம் நெருங்கும்போது சாய்ந்தமருது தோணா பற்றிய பேச்சு எழுவதும், மழை ஓய்ந்ததும் அது அடங்கிவிடுவதும் வழமையாகிவிட்டன. ஊரின் வெள்ளநீரைக் கடலில் சேர்க்கும் இந்நீரோடை, வீட்டுக் கழிவுகளும் கோழிக் கழிவுகளும் கொட்டப்படும் இடமாக மாறியமை வேதனைக்குரியது. துப்புரவுப் பணிகள் பலமுறை நடைபெற்றும் நிலைமை பழையபடியே திரும்பியுள்ளது.

இதனை வெறும் துர்நாற்றப் பிரச்சினையாகக் கருதலாகாது. கல்முனைக் கரையோரம் மணற்பாங்கானது, குடியிருப்புகளோ நெருக்கமானவை. கிணறும் மலசலகூடக் குழியும் ஒரே சிறு வளவுக்குள் அமைந்துள்ள இடங்களில், மணல் நீரை உள்வாங்குவதுபோலவே அழுக்கையும் உள்வாங்குகின்றது. நிலத்தடி நீர் எத்துணை எளிதில் கெடும் என்பதை, 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையால் உவர்நீராகிப்போன கிணறுகள் உணர்த்தின. 100 மில்லிலீற்றர் குடிநீரில் ஈ.கோலி பற்றீரியா அறவே இருத்தலாகாது, நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமை விஞ்சலாகாது என்பன உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைகள். தெளிந்த நீரும் இவற்றை மீறியிருக்கக்கூடும். அளந்து பார்த்தாலன்றி அதனை அறிய வழியில்லை.

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டம், பின்னர் செய்யப்பட்ட திருத்தத்தின் மூலம், பாரிய திட்டங்களின் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டறிக்கை குறித்து 30 நாட்களுக்குள் கருத்துரைக்கும் உரிமையைப் பொதுமக்களுக்கு வழங்கியுள்ளது. ஆனால், தோணாவைக் கெடுப்பது பாரிய திட்டமன்று. நாளாந்தம் வீசப்படும் கழிவுப் பைகளே. அவற்றுக்கு அறிவித்தலும் இல்லை, கருத்துக் கேட்பும் இல்லை.

ஆகவே, நிரந்தர ஏற்பாடொன்று அவசியமாகும். குறித்த சில இடங்களில் மாதந்தோறும் நீர் மாதிரி பெறப்பட்டு, முடிவுகள் எளிய தமிழில் பள்ளிவாசல்களிலும் கோவில்களிலும் பாடசாலைகளிலும் காட்சிக்கு வைக்கப்படல் வேண்டும். சம்மாந்துறையில் இயங்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பிரயோக விஞ்ஞான பீடத்தின் துணையை இதற்கு நாடலாம். மீனவர், இறைச்சிக் கடைக்காரர், கிணற்றுநீரை நம்பியிருக்கும் இல்லத்தரசிகள் ஆகியோரின் வாய்மொழியும் கேட்கப்பட வேண்டும். நீரின் நிறம் மாறிய நாளை முதலில் அறிபவர்கள் இவர்களே. அதிகாரிகள் மௌனம் காத்தால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் மக்கள் கையில் உள்ளது.

அதேவேளை, கழிவைக் கொட்டும் கை நமது கையே என்பதையும் மறுப்பதற்கில்லை. தேங்கிய நீரை அசுத்தப்படுத்துவதை நபிகளார் தடுத்துள்ளார்கள். நீரைப் புனிதமெனப் போற்றுவது இந்துக்களின் மரபு. நிலத்தடி நீருக்கு ஊரெல்லையும் இல்லை, இனபேதமும் இல்லை. அதனைக் காக்கும் பொறுப்பும் அவ்வாறே பொதுவானதாகும்.