பருவுக்கு நீல விளக்கா? கொஞ்சம் பொறுங்கள்!

"டாக்டர், லைட் வச்சா முகப்பரு போயிடும்னு சொன்னாங்களே... இப்ப இப்படி ஆயிடுச்சே?"

மாத்தூரில் என் வைத்தியசாலைக்குப் போன மாதம் மகளோடு வந்த ஓர் அம்மா கேட்ட கேள்வி இது. மகளுக்கு வயது 22. மூன்று மாதத்தில் கல்யாணம். ஓர் அழகு நிலையத்தில் ஆறு தடவை முகத்துக்கு நீல விளக்கு காட்டியிருக்கிறார்கள். சிவந்த பருக்கள் ஓரளவு அடங்கித்தான் இருந்தன. ஆனால் பரு இருந்த இடமெல்லாம் கன்றிக் கறுத்திருந்தது. "பருவே தேவலாம் போலிருக்கு டாக்டர்" என்று அந்தப் பெண் அழுதேவிட்டாள்.

'சித்த வைத்தியர் ஆச்சே, இங்கிலீஷ் வைத்தியத்தைத் திட்டப் போகிறார்' என்று நினைத்துவிடாதீர்கள். ஒளி நமக்கும் புதிதல்ல. வெண்புள்ளிக்குக் கார்போகி அரிசியை மருந்தாக்கி, அளவாக வெயில் காட்டுவது நம் நாட்டு வைத்தியத்தில் பழைய முறை. அந்த விதையிலுள்ள சோரலென் என்ற பொருள், வெயில் பட்டதும் தோலுக்கு நிறம் ஏற்றும். அளவு மீறினால் தோல் வெந்து கொப்பளித்துவிடும். டென்மார்க்கைச் சேர்ந்த நீல்ஸ் ஃபின்சன், தோலில் வரும் காசநோய்க்கு ஒளியால் வைத்தியம் செய்து 1903-ல் நோபல் பரிசே வாங்கினார். ஆக, ஒளியும் மருந்துதான். மருந்து என்றால் அளவும் வேண்டும், வைத்தியரும் வேண்டும். நான் சொல்ல வருவது அவ்வளவுதான்.

விளக்கு என்ன செய்கிறது?

பருவ வயதில் ஹார்மோன் தூண்டுவதால் தோலில் எண்ணெய் அதிகம் சுரக்கிறது. துவாரங்கள் அடைபடுகின்றன. உள்ளே தங்கிய எண்ணெயில் ஒருவகை பாக்டீரியா பெருகி, அந்த இடம் சிவந்து, வீங்கி, சீழ் பிடிக்கிறது. இந்தக் கிருமி போர்ஃபைரின் என்ற பொருளை உண்டாக்குகிறது. சுமார் 415 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளி பட்டால், அந்தப் பொருளே கிருமிக்கு எமனாகிவிடுகிறது. அமெரிக்காவில் 2002-லேயே இப்படி ஒரு கருவிக்கு அனுமதி கிடைத்துவிட்டது.

அப்புறம் என்ன தயக்கம் என்கிறீர்களா? 2016-ல் காக்ரேன் அமைப்பு, பருவுக்கான ஒளி சிகிச்சைகள் பற்றிய 71 ஆய்வுகளை அலசிப் பார்த்தது. பெரும்பாலான முறைகளுக்கு உறுதியான ஆதாரம் போதாது என்றுதான் சொன்னது. கரும்புள்ளி, வெண்புள்ளி மாதிரி அடைப்புகளுக்கு நீல ஒளியால் பெரிய பலன் இல்லை. எண்ணெய்ச் சுரப்பும் ஹார்மோனும் அப்படியே இருப்பதால், விளக்கை நிறுத்தினால் பரு திரும்ப வரலாம்.

இன்னொன்று, நம் தோலின் நிறம். இதே 415 நானோமீட்டர் ஒளி போதிய அளவு பட்டால், மாநிறத் தோலில் கருமை படர்ந்து வாரக்கணக்கில் நீடிப்பதை 2014-ல் வெளியான பிரெஞ்சு ஆய்வு காட்டியது. சிவப்பு ஒளிக்கு அப்படி ஆகவில்லை. அந்தப் பெண்ணுக்கு விளக்கால்தான் கறுத்தது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். நம் நிறத்தாருக்குப் பருவே கருமையை விட்டுவிட்டுத்தான் போகும். ஆனால் இப்படி ஒரு வாய்ப்பு உண்டு என்று அவளிடம் யாருமே சொல்லவில்லை!

அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. "மாதவிலக்கு ஒழுங்கா வருதாம்மா?" என்று கேட்டேன். "நாலு மாசமா வரலை டாக்டர்" என்றாள். தாடையில் ரோமமும் இருந்தது. ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் செய்ததில் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்னை தெரிந்தது. ஆறு தடவை முகத்தைப் பார்த்தவர்கள், ஒரு தடவைகூட இதைக் கேட்கவில்லை.

பணம் கட்டும் முன்...

1. விளக்கு வைப்பவர் தோல் மருத்துவரா என்று கேளுங்கள். வட சென்னைக்காரர்கள் வெகுதூரம் போக வேண்டாம். ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலேயே தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது.

2. சாப்பிடும் மாத்திரைகளை மறைக்காதீர்கள். பருவுக்கே கொடுக்கும் டாக்ஸிசைக்ளின், தோலை வெளிச்சத்துக்குக் கூசச் செய்யும்.

3. கண்ணுக்கு மறைப்பு அவசியம். வீட்டிலேயே போட்டுக்கொள்ளும் ஒளி முகமூடி ஒன்றை, சிலருக்குக் கண் பாதிக்கலாம் என்ற அச்சத்தால் 2019-ல் அதன் கம்பெனியே சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது.

4. சிவப்பழகுக்கு என்று யாரோ சொன்ன ஸ்டீராய்டு களிம்பைத் தடவுகிறீர்களா? முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். பருவை உண்டாக்குவதே அதுவாக இருக்கலாம்.

வீட்டில் செய்ய வேண்டியது எளிது. லாரிப் புழுதியில் மணலி, எண்ணூர் போய் வருபவர்கள், வீட்டுக்கு வந்ததும் முகம் கழுவுங்கள். தலைக்கு வைத்த எண்ணெய் நெற்றியில் வழிய விடாதீர்கள். பருவைக் கிள்ளவே கிள்ளாதீர்கள். எலுமிச்சைச் சாற்றைத் தேய்க்காதீர்கள். இனிப்பையும் மைதாவையும் குறையுங்கள். நேரத்துக்குத் தூங்குங்கள்.

அந்தப் பெண்ணை மகளிர் மருத்துவரிடமும் தோல் மருத்துவரிடமும் அனுப்பிவைத்தேன். "கல்யாணத்துக்குள்ள கறுப்பு போயிடுமா டாக்டர்?" என்று வாசலில் நின்று கேட்டார் அம்மா. முழுசாகப் போகாமலும் இருக்கலாம் என்று உள்ளதைச் சொன்னேன். முகத்தில் நாலு தழும்போடு மணையில் உட்கார்ந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. நாலு மாதம் வராத மாதவிலக்கைக் கவனிக்காமல் விட்டால்தான் ஆபத்து!