பத்து நாட் புண்ணியம்

ஒரு வீட்டைக் கட்ட 30,000 டொலர். அதே வீட்டை அந்நாட்டவரே கட்டினால் 2,000 டொலர். இவ்விரு தொகைகளையும் மனத்தில் இருத்திக்கொண்டு மேலே படிக்குமாறு வாசகர்களை வேண்டுகிறோம்.

1998ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் 'மிட்ச்' என்னும் பெருஞ் சூறாவளி மத்திய அமெரிக்காவைத் தாக்கியது. ஹொண்டுராஸ் நாட்டில் ஆறுகள் கரைபுரண்டன, மலைச் சரிவுகள் குடிசைகளோடு சேர்ந்து சரிந்தன, ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். செய்தி பரவியதும் வட அமெரிக்கத் தேவாலயங்களிலிருந்து தொண்டர் கூட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்பட்டன. வந்தவர்கள் ஒரு வாரமோ பத்து நாளோ தங்கினர். சீமெந்து குழைத்தனர், கல் சுமந்தனர், அயல் வீட்டுக் குழந்தைகளைத் தூக்கி வைத்துப் படம் பிடித்தனர், கண்ணீர் மல்க விடைபெற்று விமானம் ஏறினர்.

அந்நாட்டிலேயே நெடுங்காலம் குடியிருந்த கேர்ட் வெர் பீக் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் பின்னர் கணக்குப் பார்த்தார். அவர் மத விரோதி அல்லர். கிறிஸ்தவக் கல்லூரி ஒன்றின் ஆசிரியர். விமானக் கட்டணம், தங்கும் செலவு, உணவு யாவும் சேர்ந்து ஒரு தொண்டர் கூட்டம் ஒரு வீட்டுக்குச் செலவிட்டது சராசரி 30,000 டொலர். உள்ளூர்க் கிறிஸ்தவத் தாபனங்கள் அதே வகையான வீட்டை 2,000 டொலருக்குக் கட்டி முடித்தன. நம் கமக்காரருக்கு இந்தக் கணக்கை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு குடும்பம் கூரையின் கீழ் குடியேறிற்று. மேலும் 14 குடும்பங்களுக்குப் போதுமாயிருந்த பணம் ஆகாயத்தில் பறந்து கரைந்தது.

இதற்கு அவர்கள் தரப்பிலிருந்து ஒரு மறுமொழி உண்டு. "நாங்கள் நேரிற் போகாவிட்டால் எங்கள் சபையார் அந்த 30,000 டொலரைத் தந்திருக்கவே மாட்டார்கள்" என்கிறார்கள். உண்மையாக இருக்கலாம். ஆனால் இதைவிடப் பெரிய ஒப்புதல் வாக்குமூலம் வேறு என்ன வேண்டும்? ஏழையின் வீட்டுக்காகத் திறவாத பணப்பை தம் பிள்ளையின் பயணத்துக்காகத் திறக்கிறது என்றால், விலைக்கு வாங்கப்பட்டது வீடன்று, பயணம். பயணம் செய்வது பாவமன்று. அதைப் பயணம் என்று சொல்லிவிட்டுப் போகட்டும். தியாகம் என்று பெயர் சூட்டவேண்டாம் என்கிறோம்.

இன்னொரு மறுமொழி சற்று நுட்பமானது. அங்கே சென்று வறுமையைக் கண்ணாற் கண்டவர்கள் மனம் மாறித் திரும்புகிறார்கள், வாழ்நாள் முழுதும் ஏழைகளுக்குக் கொடுக்கிறார்கள் என்பது. இதனையும் அப்பேராசிரியர் ஆராய்ந்தார். போய் வந்தவர்களில் மிகப் பலர், தாம் முன்னிலும் அதிகமாகக் கொடுப்பதாகவே கூறினர். அவர்களை அனுப்பிய தாபனத்தின் நன்கொடைப் பதிவேடு அதற்குச் சான்று பகரவில்லை. மனம் மாறியது என்று நாவு சொல்லிற்று, கை அறியவில்லை.

2005ஆம் ஆண்டளவில் ஆண்டொன்றுக்குச் சுமார் 16 இலட்சம் அமெரிக்கச் சபையினர் இத்தகைய குறுகிய காலப் பயணங்களில் வெளிநாடு சென்றனர் என்று ரொபேட் வுத்னோ என்னும் சமூகவியலாளர் மதிப்பிட்டார். நூறு கோடி டொலருக்கு மேற்பட்ட செலவு. தனிமனிதரின் இளமைக்கால ஆர்வம் என்று கண்டும் காணாமல் விட்டுவிட இது சின்ன விஷயமன்று.

நாம் மதத்தின்மேல் வழக்குத் தொடுக்கவில்லை. தர்மம் செய்பவன் எக்கடவுளின் பெயராற் செய்தாலும் அது தர்மமே. நாம் கேட்பது, பெறுகிறவன் இடத்தில் நின்று. ஹொண்டுராஸ் நாட்டில் மேசன்மார் இல்லையா? ஓடாவிமார் இல்லையா? சூறாவளிக்குப் பின் அந்நாட்டில் மிகவும் அருகியிருந்தது உழைக்கும் கரம் அன்று. கூலி கொடுக்கும் கரம். வாழைத் தோட்டங்கள் அழிந்து ஆயிரக்கணக்கான தொழிலாளர் வேலையிழந்து நின்ற வேளையில், வாழ்நாளில் ஒருமுறையும் சாந்தகப்பை பிடித்தறியாத கல்லூரி மாணவன் கூலியின்றிக் கல் அடுக்க வருகிறான். தொழில் தெரிந்தவன் வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறான். இது யாருக்குச் செய்யும் சேவை?

நம் கிராமங்களிற் சிரமதானம் என்ற ஒன்றை நாம் அறிவோம். வீதிக்குக் கல் பரவுவதற்கும் குளத்தைத் தூர்வாருவதற்கும் ஊரவர் மண்வெட்டியோடு வருவர். வீதி கோணலாகப் போனால் மறுநாள் அதே ஊரவர் முகத்தில் விழிக்க வேண்டும். பத்து நாளில் மறைந்துவிடுகிறவன் யார் முகத்திலும் விழிக்க வேண்டியதில்லை. சுவர் வெடித்தால் அவனைத் தேடிப் போக முகவரி இல்லை.

சுவர் வெடித்தால் பூசிக்கொள்ளலாம். மருத்துவத்தின் பெயரால் நடப்பதை நம் வைத்தியர்கள் கவனிக்க வேண்டும். மருத்துவக் கல்லூரியின் படியை இன்னும் மிதியாத மாணவர்கள், தம் நாட்டில் எந்த ஆஸ்பத்திரியும் அனுமதியாத காரியங்களை ஏழை நாடுகளின் நோயாளிகள்மேற் செய்து பார்த்திருக்கிறார்கள் என்பது மருத்துவ உலகில் வெளிப்படையாகப் பேசப்படும் விஷயம். பிளவுபட்ட உதட்டைத் தைத்துவிடும் தேர்ந்த இரண வைத்தியரை நாம் இந்தக் கூட்டத்திற் சேர்க்கவில்லை. அவர் ஒரு நாள் வந்தாலும் ஒரு குழந்தையின் முகத்தை மாற்றிச் செல்கிறார். ஆனால் நீரிழிவும் இரத்த அழுத்தமும் பத்து நாளில் தீரும் நோய்களா? ஒரு மாதத்துக்கு மாத்திரை கொடுத்துவிட்டுப் போனால் இரண்டாம் மாதம் நோயாளி யாரிடம் போவான்? போன வைத்தியர் எழுதிவைத்த குறிப்பு எவர் கையில் இருக்கும்?

இனி, பிள்ளைகளின் கதை. 2010ஆம் ஆண்டு ஜனவரி 12ஆந் திகதி ஹெய்ட்டி நாட்டைப் பூகம்பம் தரைமட்டமாக்கியது. அம்மாத இறுதியில், அமெரிக்கப் பப்ரிஸ்த சபையினர் பத்துப் பேர், 33 பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு அயலிலுள்ள டொமினிக்கன் குடியரசுக்குள் நுழைய முயன்றபோது எல்லையில் தடுக்கப்பட்டனர். பிள்ளைகளை வெளியே கொண்டுசெல்வதற்கான பத்திரங்கள் அவர்களிடம் இல்லை. அநாதைகளை மீட்கிறோம் என்றனர். விசாரித்தபோது அப்பிள்ளைகளிற் பெரும்பாலோருக்குப் பெற்றோர் உயிரோடிருந்தனர். கல்வியும் நல்வாழ்வும் கிடைக்கும் என்ற சொல்லை நம்பி அவர்களே கொடுத்திருந்தனர். ஆட்கடத்தற் குற்றச்சாட்டுப் பின்னர் கைவிடப்பட்டது என்பதையும், அவர்களை நடத்திச் சென்றவர் மாத்திரம் சட்டவிரோதப் பயண ஏற்பாட்டுக்காகக் குற்றவாளியாகக் காணப்பட்டார் என்பதையும் நீதியின் பொருட்டுச் சொல்லிவைக்கிறோம். கெட்ட எண்ணம் அவர்களிடம் இருந்ததென்று நாம் கூறவில்லை. நல்ல எண்ணம் இருந்தாற் போதும், சட்டமும் தாய் தந்தையும் ஒரு நாட்டின் எல்லையும் பொருட்டல்ல என்ற நினைப்பு எங்கிருந்து வந்தது என்றே கேட்கிறோம். ஹெய்ட்டியிலிருந்து பத்துப் பேர் அமெரிக்காவுக்குச் சென்று, வெள்ளத்தில் வீடிழந்த 33 அமெரிக்கப் பிள்ளைகளைப் பத்திரமின்றி எல்லை கடத்தியிருந்தால் அதற்கு என்ன பெயர் சூட்டியிருப்பார்கள்?

இவற்றையெல்லாம் கடலுக்கு அப்பாலுள்ள சங்கதி என்று நாம் ஒதுக்கிவிட இயலாது. அமெரிக்க மிஷன் என்பது யாழ்ப்பாணத்தவர் இரண்டு நூற்றாண்டுகளாக அறிந்த பெயர். 1816இல் அவர்கள் தெல்லிப்பழைக்கு வந்தார்கள். 1823இல் வட்டுக்கோட்டையிற் செமினரியைத் தொடங்கினார்கள். நம் சமயத்தைப் பழித்தார்கள். நம் பிள்ளைகளின் பெயரையும் மாற்றினார்கள். அதை மறந்துவிட்டோம் என்று சொல்லமாட்டோம். ஆயினும், 1847இல் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் என்ன செய்தார் என்று பாருங்கள். இடையிற் சில ஆண்டுகள் தாயகம் சென்றது நீங்கலாக 1873 வரை இங்கேயே இருந்தார். தமிழைக் கற்றார். உடற்கூறு, இரண வைத்தியம், பிரசவ வைத்தியம், இரசாயனம் ஆகியவற்றைத் தமிழில் நூல்களாக்கினார். 60க்கு மேற்பட்ட நம்மவரை மேனாட்டு வைத்தியத்திற் பயிற்றினார். பிற்காலத்தில் அப்பயிற்சி முழுவதையும் தமிழிலேயே நடத்தினார். தான் இல்லாமலும் நடக்கக்கூடியதாக ஒரு தொழிலை இன்னொருவர் கையில் ஒப்படைத்துவிட்டுக் கப்பலேறினார்.

அவர் காலத்து மிஷனரிமாரிடம் இன்னொரு வசதியும் இருந்தது. அவர்களோடு சண்டை பிடிக்க முடிந்தது! ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியதும் 1854இல் 'சைவதூஷண பரிகாரம்' எழுதியதும் எதிராளி எதிரே இருந்தபடியாலன்றோ? அவர்கள் தமிழில் எழுதினார்கள். நாவலர் தமிழில் மறுத்தார். அவர்கள் பள்ளிக்கூடம் கட்டினார்கள்; நாவலரும் கட்டினார். அந்தப் போரில் நம் உரைநடை வளர்ந்தது. பத்து நாளில் வந்து போகிறவனோடு யார் வாதாடுவது, எந்த மொழியில் வாதாடுவது? ஹொண்டுராஸ் ஏழைக்குச் சிரித்துக்கொண்டு கைகுலுக்குவதைத் தவிர வேறு வழி விடப்படவில்லை.

மெக்சிக்கோவில் வாழ்ந்த கத்தோலிக்கக் குரு இவான் இல்லிச், 1968இல் குவெர்னவாக்கா நகரில் அமெரிக்க மாணவத் தொண்டர்களின் கூட்டத்திலேயே எழுந்து, உதவி செய்கிறோம் என்ற எண்ணத்தோடு இந்நாட்டுக்கு வருவதை நிறுத்துங்கள் என்று முகத்துக்கு நேரே சொன்னார். அழைத்தவர்களுக்கு அது இனித்திருக்காது. அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் விமானங்கள் நிறைந்தே பறக்கின்றன.

உதவி செய்யாதே என்றால் என்னதான் செய்வது என்று அந்த இளைஞர் கேட்கலாம். நேர்மையான கேள்விதான். நாம் அவர்களை மீண்டும் ஹெய்ட்டிக்கே அழைத்துச் செல்கிறோம். இம்முறை ஆர்த்திபோனித் பள்ளத்தாக்கின் நெல்வயல்களுக்கு. 1980களின் தொடக்கம் வரை அந்நாடு உண்ட அரிசியிற் பெரும்பகுதி அந்நாட்டிலேயே விளைந்தது. 1990களின் நடுப்பகுதியில், வெளியாரின் நெருக்குதலின்கீழ், இறக்குமதி அரிசி மீதான தீர்வை 3 வீதமாக வெட்டப்பட்டது. அமெரிக்க அரசின் மானியம் பெற்று விளைந்த அரிசி வெள்ளமாக வந்து குவிந்தது. ஹெய்ட்டியின் கமக்காரன் அதனோடு போட்டியிட முடியாமல் வயலைவிட்டு நகரத்துச் சேரிக்குப் போனான். 2010 மார்ச்சில் முன்னாள் ஜனாதிபதி பில் கிளின்டன் தம் நாட்டுச் செனற் குழுவின் முன், அக்கொள்கை தம் மாநிலமான ஆர்க்கன்சோவின் விவசாயிகள் சிலருக்கு நன்மை தந்ததேயன்றி ஹெய்ட்டிக்கு உதவவில்லை, அது தவறு, என்று தம் வாயாலேயே ஒப்புக்கொண்டார்.

நம் கமக்காரருக்கு இந்தக் கதை புதியதன்று. 1970களில் இறக்குமதி தடுக்கப்பட்டிருந்தபோது வெங்காயமும் மிளகாயும் யாழ்ப்பாணத்துத் தோட்டங்களை எப்படி நிமிர்த்தின என்பதும், 1977இன் பின் கதவு திறந்துவிடப்பட்டபோது அதே தோட்டங்கள் என்ன பாடுபட்டன என்பதும் அவர்கள் பட்டறிந்தவை. அக்காலத்தில் எவரேனும் பத்து நாட்கள் வந்து அவர்களின் கிணற்றடியில் நீர் இறைத்துக் கொடுத்திருந்தால் விலை ஏறியிருக்குமா?

ஆர்க்கன்சோவிலும் அயோவாவிலும் தேவாலய வாங்குகளில் அமர்ந்திருப்போருக்கு வாக்குரிமை இருக்கிறது. ஹெய்ட்டிக் கமக்காரனின் வயலைப் பாழாக்கிய தீர்மானங்களைப் பற்றித் தம் காங்கிரஸ் உறுப்பினரிடம் கேள்வி கேட்க அவர்களுக்குக் கடவுச்சீட்டு வேண்டியதில்லை. அதற்குச் செலவு ஒரு தபால் முத்திரை. அங்கே படம் பிடிப்பதற்குத்தான் ஒன்றும் இராது.